நீடிலைக் கடைசியில் தொடுங்கள்: 46 கிளோ இன்ஜினை மஃப்ளர், புரொப்பெல்லரோடு சேர்த்துச் செட் செய்வது

கேட்கப்பட்டது இதுதான்: 46 அளவு (0.46 கன அங்குலம்) டூ ஸ்ட்ரோக் கிளோ இன்ஜின், சுமார் 2.5 கிலோ ட்ரெய்னர் (ஓட்டிப் பழகுவதற்கான மாதிரி விமானம்), 11க்கு 6 புரொப்பெல்லர் (விட்டம் 11 அங்குலம்; பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், 6 அங்குலம்). கூடவே வந்த மஃப்ளரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்புத் தகடு இல்லாத வேறொன்றை மாட்டியாகிவிட்டது. அதிலிருந்து தரையில் நன்றாகக் கத்துகிறது, ஆனால் மூக்கைத் தூக்கி ஏற்றினால் சத்தம் மெலிந்து அணைகிறது. ஐடிலில் இருந்து த்ராட்டிலைச் சட்டென்று திறந்தாலும் அணைகிறது. கார்புரேட்டரை மாற்றலாமா, ட்யூன்டு பைப் வாங்கலாமா, புரொப்பை 10க்கு 6 ஆக்கலாமா?

கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். பைப்பும் வேண்டாம். இவை எல்லாமே லீனாக, அதாவது காற்று கூடி எரிபொருள் குறைந்து, ஓடும் இன்ஜினின் அறிகுறிகள். லீனாக்கியது பெரும்பாலும் அந்த மஃப்ளர் மாற்றம்தான்.

மஃப்ளரின் மேல் ஒரு சின்ன நிப்பிள் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு ட்யூப் டேங்குக்குப் போகிறது. புகையின் அழுத்தம் அந்த வழியே டேங்குக்குள் ஏறி, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. இந்த அளவு இன்ஜினில் தனியாகப் பம்ப் கிடையாது, மஃப்ளர்தான் பம்ப். உள்தடுப்பை எடுத்துவிட்டால் புகை தடையில்லாமல் வெளியேறும், காற்று கூடுதலாக உள்ளே வரும். அதே நேரத்தில் மஃப்ளருக்குள் அழுத்தம் குறையும், டேங்குக்குப் போகும் தள்ளலும் குறையும். காற்று கூடி, எரிபொருள் குறைந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் கலவை லீனாகிறது. முன்பு சரியாக இருந்த நீடில் (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) நிலை இப்போது தவறு. தரையில் விமானம் படுத்திருக்கும்போது சமாளித்துவிடும். மூக்கு மேலே போனதும் டேங்க் கார்புரேட்டருக்குக் கீழே போய்விடுகிறது, எரிபொருள் ஏற வேண்டிய உயரம் கூடுகிறது. அங்கேதான் மூச்சு நிற்கிறது.

மஃப்ளரும் இன்ஜினும் சேரும் இடத்தில் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தாலும் இதே கதைதான். அந்த இணைப்பைச் சுற்றிக் கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தால் அழுத்தம் அங்கே கசிகிறது என்று அர்த்தம். இரண்டு போல்ட்டையும் இன்ஜின் சூடாக இருக்கும்போது ஒருமுறை இறுக்குங்கள், ஆறியபின் மறுபடி பாருங்கள். வெப்பம் தாங்கும் சிலிக்கோனை மெல்லிய படலமாகப் பூசி, ஒரு நாள் காயவிட்டு மாட்டினால் நன்றாக அடைக்கும்.

என் பரிந்துரை, பழைய மஃப்ளரையே மாட்டுங்கள். தடுப்பு இல்லாத மஃப்ளரால் ட்ரெய்னருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) சொற்பம், சத்தமோ அதிகம். சுற்றிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் நம் சிங்கப்பூரில் பறக்கவிடும் திடலை மூடவைப்பது விபத்தைவிடச் சத்தப் புகார்தான். இல்லை, புதியதுதான் வேண்டும் என்றால், அதை மாட்டியதும் நீடிலை அரைச் சுற்று திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய நிலையில் ஓட்டிப் பார்ப்போம் என்று முழு த்ராட்டில் கொடுத்தால் பிளக்கின் கம்பி போகும். அதற்குமேல் போனால் பிஸ்டனும் லைனரும் தேயும்.

இனி வரிசை. பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது நீடிலில். அது கடைசி வேலை. டேங்க், ட்யூப், பிளக், புரொப்பெல்லர், மஃப்ளர் எல்லாம் முடிவான பிறகுதான் நீடில். இவற்றில் எதை மாற்றினாலும் நீடிலை மறுபடி செட் செய்ய வேண்டும்.

டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் ஸ்ப்ரே பார் (உள்ளே எரிபொருள் வெளிவரும் குழாய்) மட்டத்தில், அல்லது அதற்கு 10 மி.மீ. வரை கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது ரிச் (எரிபொருள் அதிகம்), பாதி காலியானதும் லீன் என்று பறக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைக்கவில்லை என்றால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும். நுரை கார்புரேட்டருக்குள் போனால் இன்ஜின் காரணமே தெரியாமல் தடுமாறும். டேங்குக்குள் இருக்கும் கிளங்க் (எரிபொருளை உறிஞ்சும் ட்யூபின் முனையிலுள்ள எடை), பின்சுவரைத் தொடாமல் 5 அல்லது 6 மி.மீ. தள்ளி, தாராளமாக ஆட வேண்டும். கிளங்க் ட்யூபில் ஊசித் துளை இருந்தாலோ, வேகமாகத் தரையில் மோதியதில் கிளங்க் முன்பக்கம் மடங்கிக் கிடந்தாலோ, மூக்கு மேலே போகும்போது மட்டும் காற்றை உறிஞ்சும். உங்கள் அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது. ஆகவே மஃப்ளரைத் திருப்பி மாட்டுவதோடு டேங்கையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். சிலிக்கோன் ட்யூப் மலிவு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே லாபம்.

பிளக்கைச் சோதிப்பது எளிது. முழு த்ராட்டிலில் ஓடும்போது கிளோ டிரைவரை (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி) கழற்றுங்கள். ஆர்பிஎம் தெளிவாக இறங்கினால், ஒன்று கலவை மிக ரிச், இல்லை பிளக் செத்துக்கொண்டிருக்கிறது. கம்பி மங்கி, சொரசொரப்பாகி, நெளிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினக் கம்பியில் பட்டு வினைபுரிவதால்தான் பேட்டரி இல்லாமலும் அது தணலாகவே இருக்கிறது. கம்பியின் மேற்பரப்பு கெட்டால் அந்த வினை மந்தமாகும், முதலில் பாதிக்கப்படுவது ஐடில். கார்புரேட்டர் கெட்டது என்று சொல்லப்படும் இன்ஜின்களில் கணிசமானவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு புதுப் பிளக்தான். 46க்கு நடுத்தர வெப்ப லாங் பிளக் போதும்.

அடுத்து புரொப்பெல்லர். இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். புரொப் இன்ஜின் மேல் போடும் சுமை, விட்டத்தின் நான்காம் அடுக்கோடும் பிட்ச்சோடும் ஏறக்குறைய நேராகக் கூடுகிறது. விட்டத்தை நான்கு முறை பெருக்கி, பிட்ச்சாலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஒப்பிட ஒரு எண் கிடைக்கும். 10க்கு 6 என்றால் 60. 10க்கு 7 என்றால் 70. 11க்கு 5 என்றால் 73. 12க்கு 4 என்றால் 83. 11க்கு 6 என்றால் 88. 11க்கு 7 என்றால் 102. வேறு வேறு கம்பெனிகளின் புரொப் அலகு (பிளேடு) வடிவம் மாறுவதால் இது துல்லியமில்லை. ஆனால் 10க்கு 7ஐக் கழற்றிவிட்டு 11க்கு 5 போட்டால் இன்ஜினுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, 10க்கு 6இல் இருந்து 11க்கு 6க்குத் தாவினால் சுமை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்பது விளங்கும்.

11க்கு 6 போட்ட நல்ல 46 இன்ஜின் தரையில் 12,500 ஆர்பிஎம் சுற்றும் என்று வையுங்கள். பிட்ச் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. ஒரு சுற்றுக்கு அவ்வளவு முன்னேறினால் மணிக்கு 114 கி.மீ. அதே இன்ஜின் 10க்கு 6ஐ 14,000 அருகில் சுற்றும், பிட்ச் வேகம் மணிக்கு 128 கி.மீ. ஆகும். 11க்கு 5இல் 13,000க்கு 99 கி.மீ. ட்ரெய்னருக்குத் தடித்த இறக்கை, கனமான உடல், நிறைய இழுவை. அதனால் 128 கி.மீ. வேகத்தை எட்டவே முடியாது, அந்தப் புரொப் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் இழுவை வேண்டும், இறங்கும்போது வேகம் அடங்க வேண்டும் என்றால் பெரிய விட்டம், சின்ன பிட்ச். 11க்கு 6ஐ வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் புதிதாக, இறுக்கமாக இருந்தால் முதல் சில டேங்க்குகளுக்கு 11க்கு 5 போடலாம். 10க்கு 6 வேண்டாம். பெட்டியில் "16,000 ஆர்பிஎம்மில் இவ்வளவு குதிரைத்திறன்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துச் சின்ன புரொப் தேடுகிறவர்கள் உண்டு. அது வேக விமானங்களுக்கான கணக்கு.

சத்தத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. 11 அங்குலப் புரொப்பின் நுனி 12,500இல் வினாடிக்கு 183 மீட்டர் வேகத்தில் போகிறது, 10 அங்குலம் 15,000இல் போனால் 200 மீட்டர். நுனி வேகம் கூடக் கூட அந்தக் கிழிக்கிற சத்தம் கூடும், எந்த மஃப்ளராலும் அதை அடக்க முடியாது. ஏபிசி (APC) கம்பெனி தன் கிளோ இன்ஜின் புரொப்களுக்குக் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 1,90,000ஐ அங்குல விட்டத்தால் வகுத்தால் வரும் ஆர்பிஎம்: 11 அங்குலத்துக்கு 17,270 வரை. எலக்ட்ரிக் மோட்டாருக்கான மெல்லிய புரொப்புக்கு வரம்பு வேறு, குறைவு. மலிவாகக் கிடைத்தது என்று அதைக் கிளோ இன்ஜினில் மாட்டிவிடாதீர்கள், அலகு பிய்ந்து வரும்.

புதுப் புரொப்பை பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள். கனமான அலகின் பின்முகத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஹப்பைச் செதுக்கக் கூடாது. பேலன்ஸ் இல்லாத புரொப்பின் அதிர்வுதான் டேங்கில் நுரையாகவும் தளர்ந்த மஃப்ளர் போல்ட்டாகவும் திரும்பி வருகிறது. மரப் புரொப் என்றால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் நட்டை இறுக்குங்கள், நம் ஊர் ஈரத்தில் மரம் ஊறிச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது நீடில். விமானத்தை யாராவது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது கட்டிவைக்க வேண்டும். புரொப் சுழலும் தளத்தில், பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் நீங்களும் பின்னால் வந்துவிட்டுத்தான் நீடிலைத் தொட வேண்டும். கையால் சுண்டாதீர்கள்; கட்டை அல்லது எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர். எரிபொருள் உள்ளே நிறைந்து இன்ஜின் கல் மாதிரி நின்றால் ஸ்டார்ட்டரை வைத்து அழுத்த வேண்டாம், கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கவிழ்த்து, சுற்றி வெளியேற்றுங்கள்.

ஹை ஸ்பீடு நீடிலை மெதுவாக மூடி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று திறங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் நடு த்ராட்டிலில் சூடேற்றுங்கள். டிரைவரைக் கழற்றி முழு த்ராட்டில். மிக ரிச்சாக இருந்தால் வெள்ளைப் புகை தாராளமாக வரும், சத்தம் தொண்டை கட்டியது மாதிரி முழங்கும். நீடிலை ஒவ்வொரு கிளிக்காக மூடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வினாடி பொறுங்கள். சத்தம் கூர்மையாகி ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும், அதுதான் உச்சம். அங்கே நிறுத்திவிடுவதுதான் பெரும் பிழை. உச்சத்திலிருந்து 300 முதல் 500 ஆர்பிஎம் இறங்கும் வரை நீடிலைத் திறங்கள். காற்றில் புரொப்பின் சுமை குறைந்து இன்ஜின் தரையைவிடக் கூடுதலாகச் சுற்றும். உச்சத்தில் வைத்துவிட்டுப் போனால் மேலே லீனாகும்.

டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு அலகுக்கு வைத்து, பழைய வகை ட்யூப் லைட்டை நோக்கிப் பிடித்தால் 3,000 காட்ட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், அதனால் இந்த எண். எல்இடி விளக்கில் இது நம்பத்தகுந்ததல்ல.

அடுத்த சோதனையை விடவே கூடாது. முழு த்ராட்டிலில் மூக்கை நேராக வானத்தை நோக்கித் தூக்கி, 10 முதல் 15 வினாடி வைத்திருங்கள். ஆர்பிஎம் அப்படியே நிற்க வேண்டும் அல்லது லேசாக ஏற வேண்டும். இறங்கினால் லீன்: இரண்டு கிளிக் திறந்து மறுபடி. இதில் தேறாத இன்ஜினோடு மேலே போகாதீர்கள். இங்கே அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய உயரம் கடல் மட்டத்திலிருந்து 200 அடி. அதாவது 61 மீட்டர். ஏறும்போதே இன்ஜின் நின்றால் தரையிறங்க நேரமும் உயரமும் மிகக் குறைவு. ஆகவே நமக்கு வேண்டியது உச்ச ஆர்பிஎம் இல்லை, நிற்காத இன்ஜின்.

பிறகு ஐடில். ஹை ஸ்பீடு முடிந்தபின்தான் லோ ஸ்பீடு, இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் முடிவே வராது. 2,500 ஆர்பிஎம் அருகில் 30 வினாடி ஐடிலில் விட்டு, த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். புகையில்லாமல் டக்கென்று அணைந்தால் லீன். புகை கக்கி, களகளவென்று திணறி, பிறகு பிடித்துக்கொண்டால் ரிச். நீங்கள் சொல்வது முதல் வகை மாதிரிதான் தெரிகிறது. இன்னொரு வழி, ஐடிலில் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ட்யூபை விரலால் நசுக்குங்கள். இரண்டு மூன்று வினாடியில் லேசாக வேகம் கூடி அணைந்தால் சரி. உடனே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடி, வேகம் நன்றாக ஏறினால் ரிச்.

திருத்தம் ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்று, அதற்குமேல் வேண்டாம். கார்புரேட்டர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நீடில் வகையில், லோ ஸ்பீடு ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறைந்து லீன். ஏர் பிளீடு வகையில், முன்பக்கம் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும், அங்கே ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் காற்று அடைபட்டு ரிச். இரண்டும் நேர் எதிர். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களைத் திடலில் அடிக்கடி பார்க்கலாம். ஐடில் சரியானதும் ஹை ஸ்பீடை இன்னொரு முறை சரிபாருங்கள், ஓரிரு கிளிக் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு செட் செய்தாலும் ஐடில் நிலைக்கவில்லை, ஒருநாள் போல் ஒருநாள் இல்லை என்றால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். கார்புரேட்டர் கழுத்தில் இருக்கும் ஓ ரிங் காய்ந்து வெடிப்பதும், பின்தகடு ஸ்க்ரூ தளர்வதும் வழக்கம். ஐடிலில் ஓடும்போது பின்பக்கமாக இருந்து கழுத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், கசிவு இருக்குமிடத்தில் அது உள்ளே இழுக்கப்படும், ஆர்பிஎம்மும் மாறும்.

நம் ஊர் காற்றைப் பற்றி. இன்ஜின் கையேடுகளில் இருக்கும் நீடில் நிலை பெரும்பாலும் குளிர்ந்த, வறண்ட காற்றை மனத்தில் வைத்தது. 31 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் அடர்த்தி 15 டிகிரி வறண்ட காற்றைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு, நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜன் இன்னும் குறைவு. ஆகவே கையேடு சொல்வதைவிட நீடில் சற்று மூடிய நிலையில்தான் உச்சம் வரும், ஆர்பிஎம்மும் சில நூறு குறையும். இன்ஜின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆண்டு முழுக்க இதே வெயில் என்பதில் ஒரு சௌகரியம்: ஒருமுறை நன்றாகச் செட் செய்தால் மாதக்கணக்கில் ஓரிரு கிளிக்குக்குமேல் தொட வேண்டியிருக்காது. திடீரென்று நிறையத் திருப்ப வேண்டி வந்தால், வானிலையைக் குறை சொல்லாமல் எரிபொருளையும் கசிவையும் பாருங்கள்.

எரிபொருள் என்றதும் ஈரம். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மூடியைச் சரியாக மூடாத, அடியில் கொஞ்சமே மிச்சமிருக்கும் கேன் இங்கே சீக்கிரம் கெட்டுப்போகும்: ஐடில் தடுமாறும், பிளக் அடிக்கடி போகும். மிச்சத்தைச் சின்னப் பாட்டிலில் நிரம்ப ஊற்றி, வெயில் படாமல் வையுங்கள். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) 10 சதவீதம், எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் போதும். ஐடில் மென்மையாக வேண்டும் என்று 15க்குப் போனால் நீடிலைத் திறக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பங்கு மெத்தனாலுக்கு எடையில் 6.4 பங்கு காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கே போதும். எண்ணெயைக் குறைத்துவிட்டு வேகம் தேடாதீர்கள், இந்த வெப்பத்தில் பேரிங்கைக் காப்பது அதுதான். எரிபொருளோடு எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், எரியும் திரவத்துக்குத் தடை உண்டு.

ட்யூன்டு பைப் கேட்டீர்கள். வேக விமானத்துக்கு அது உண்மையிலேயே வேலை செய்யும். எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து (புகை வெளியேறும் வாய்) கிளம்பும் அழுத்த அலை பைப்பின் கூம்பில் மோதித் திரும்பி, போர்ட் மூடும் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். நீளம் மீட்டரில் எவ்வளவு என்றால்: பைப்புக்குள் ஒலியின் வேகத்தை எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் டிகிரியால் பெருக்கி, ஆர்பிஎம்மின் 12 மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் 500 மீட்டர், 150 டிகிரி, 14,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 446 மி.மீ. இது தொடக்கம்தான். நீளமாக வைத்துக்கொண்டு, 5 மி.மீ. 5 மி.மீ. ஆக வெட்டி, ஒவ்வொரு முறையும் நீடிலைச் செட் செய்து பார்க்க வேண்டும். அதிகம் வெட்டினால் பைப் பிடிக்கும் ஆர்பிஎம்மை இன்ஜின் எட்டவே எட்டாது, அல்லது எட்டும்போது திடீரென்று லீனாகிச் சூடாகும். ட்ரெய்னரில் த்ராட்டிலை ஏற்றி இறக்கிப் பழகுகிறவருக்கு இது தொல்லை.

2.5 கிலோ விமானம் என்பதால் சட்டப் பக்கமும் ஒரு வரி. 250 கிராமுக்கு மேல் பதிவு கட்டாயம், 1.5 கிலோவுக்கு மேல் பொழுதுபோக்குக்கே அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், விமான நிலையம் ஒன்றிலிருந்து 5 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது.

நாள் முடிந்து இன்ஜினை அப்படியே பெட்டியில் வைத்தால் அடுத்த வாரம் பேரிங் கரகரக்கும். மெத்தனால் எரிந்த மிச்சம் ஈரமும் அமிலமும் கொண்டது, நம் ஈரப்பதம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டேங்கைக் காலி செய்யுங்கள். ட்யூபைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, உள்ளே இருப்பது தீரும் வரை ஐடிலில் ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் நாலைந்து சொட்டு, கார்புரேட்டர் வாயைத் திறந்து அதில் நாலைந்து சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு, கையால் பத்துப் பதினைந்து முறை சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பின்பக்கப் பேரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். அதனால் மூக்கைத் தூக்கி வைத்து இன்னும் சில சுற்று.